மேளத்துக்கு ஓர் இடம்

சரவாக்கில் நடக்கும் மழைக்காட்டு உலக இசை விழாவுக்குப் போகிறோம் என்று வீட்டில் சொன்னதும் மூன்று கேள்விகள் வந்தன. "அங்க யாரு பாடறா?" "தமிழ்ப் பாட்டு இருக்குமா?" "பாட்டுக் கேக்க எதுக்கு மூனு நாளு?" முதல் இரண்டுக்கும் உருப்படியான பதில் எங்களிடம் இல்லை. அந்த வருட நிகழ்ச்சி நிரலில் எங்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்றுகூட இல்லை. தமிழ்ப் பாட்டும் இல்லை. மூன்றாவது கேள்விதான் நல்ல கேள்வி. போய்விட்டு வந்து இத்தனை மாதமாகியும் நாங்கள் பேசிக்கொண்டிருப்பது அதைப் பற்றித்தான்.

போனது நான்கு பேர். ஒருவன் கிள்ளானில் உறுமி மேளக் குழுவில் அடிப்பவன். பகலில் துறைமுகம் பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அவனுடைய அக்கா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அக்கா அவனைத் தம்பி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பள்ளியில் கூடப் படித்த எங்களுக்கும் அவன் தம்பியாகிவிட்டான். மூன்றாவது ஆள் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் எங்கள் கூட்டாளி. நான்காவது நான். டிக்கெட் எடுத்தது அக்காதான். "கல்யாணத்துக்கு முன்னாடி தம்பிய ஒரு தடவ எங்கயாச்சும் கூட்டிட்டுப் போவணும், நீங்களும் வாங்கடா" என்றார்.

தம்பிக்கு அடுத்த தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டில் நல்ல மனிதர்கள். ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார்கள். "கோயில்ல அடிச்சா பரவால்ல, எழவு வீட்டுக்கெல்லாம் போவ வேணாம்" என்று பெண்ணின் மாமா முதலில் சொன்னார். பிறகு, எதற்கு வம்பு, மொத்தமாகவே மேளம் வேண்டாம் என்றாகிவிட்டது. அந்தச் செய்தியைக் கொண்டுவந்து சொன்னதும் அக்காதான். தம்பி "சரிக்கா" என்றான். அதற்குமேல் யாரும் அதைப் பேசவில்லை. எழவு வீட்டில் அடிக்கிறவன் என்று தெரிந்தால் அடுத்து என்ன கேள்வி வரும் என்பது எங்கள் நால்வருக்கும் தெரியும். தோட்டத்து லயங்களை இடித்துப் பல வருடங்களாகிவிட்டன. அந்தக் கேள்வி மட்டும் மூட்டை முடிச்சோடு நம்முடன் அடுக்குமாடிக்குக் குடிவந்துவிட்டது.

*

தீபகற்பத்திலிருந்து சரவாக்குக்குப் போகிறவர்கள் சொந்த நாட்டுக்குள்ளேயே குடிநுழைவு முகப்பைக் கடக்க வேண்டும். 1963இல் மலேசியா உருவானபோது சரவாக் தன் கையில் வைத்துக்கொண்ட உரிமைகளில் அதுவும் ஒன்று. மை கார்டை நீட்டினால் 90 நாள் இருக்க அனுமதி கொடுக்கிறார்கள். "நம்ம நாட்டுலயே நமக்கு விசாவா?" என்று தம்பி கேட்டான். "தெனமும் ரெண்டு தடவ பாஸ்போர்ட்டு காட்டறவன் நானு, எனக்கு இதெல்லாம் ஒன்னும் இல்ல லா" என்றான் கூட்டாளி.

விழா 1998இல் தொடங்கியது. கூச்சிங் நகரிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தள்ளி, 810 மீட்டர் உயரமுள்ள சந்துபோங் மலையின் அடிவாரத்தில், சரவாக் கலாச்சார கிராமத்தில் நடக்கிறது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காடு. கிராமத்தின் நடுவில் ஓர் ஏரி. ஏரியைச் சுற்றி ஏழு வீடுகள். பிடாயு மக்களின் வட்டக்கூரை வீடு, இபான்களின் நீள்வீடு, பெனான் குடிசை, ஓராங் உலு நீள்வீடு, மெலனாவ்களின் உயரமான வீடு, மலாய் வீடு, சீனப் பண்ணை வீடு. எல்லாம் காட்சிக்காகக் கட்டப்பட்டவை என்றாலும் ஏறி உட்காரலாம், படுத்துத் தூங்கலாம், யாரும் விரட்டுவதில்லை.

முதல் நாள் மத்தியானம் தம்பி ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "ஏழு வூடு இருக்கு. நம்ம வூடு எங்கக்கா?" என்றான்.

அக்கா சிரிக்கவில்லை. "நம்ம ஆளுங்களும் இங்க வந்தவங்கதான்" என்றார். சரவாக்கின் இரண்டாவது வெள்ளை ராஜாவான சார்லஸ் புரூக், கூச்சிங்குக்கு வெளியே மாத்தாங் மலையில் தேயிலையும் காப்பியும் பயிரிட்டார். அங்கே வேலைக்கு வந்தவர்களில் தமிழர்கள் இருந்தார்கள். 1912இல் தோட்டத்தை மூடினார்கள். சிலர் ஊர் திரும்பினார்கள், சிலர் கூச்சிங்கில் தங்கினார்கள். மலைமேல் அவர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலைக் காடு மூடிவிட்டது. பல வருடங்களுக்குப் பிறகுதான் அதை மறுபடி கண்டுபிடித்துச் சீர்படுத்தினார்கள். இன்றும் அங்கே போக மலை ஏற வேண்டும். அக்கா இதையெல்லாம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தம்பி கேட்டுவிட்டு, "அப்ப அங்க மேளம் அடிச்சிருப்பாங்க" என்றான். அவனுக்குக் கோயில் என்றால் முதலில் அதுதான்.

*

இரவு ஏழு மணிக்குமேல் மேடை தொடங்கும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேடைகள். ஒன்றில் வாசிக்கும்போது மற்றொன்றில் அடுத்த குழு கருவிகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும். அதனால் இடைவெளியே கிடையாது. கூட்டம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நகர்ந்துகொண்டே இருக்கும். பாய் விரித்துப் படுத்திருக்கும் வயதானவர்கள், குழந்தையைத் தோளில் வைத்து ஆடும் தகப்பன்மார், துவாக் குவளையோடு வெள்ளைக்காரர்கள், கூச்சிங் கல்லூரிப் பிள்ளைகள். எட்டரைக்கு மழை பிடித்தது. சந்துபோங் மழை சொல்லிவிட்டு வருவதில்லை. எங்கள் நால்வரில் அக்காவிடம் மட்டும் குடை இருந்தது. பத்து நிமிடத்தில் புல்தரை வயலாகிவிட்டது. பலர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் ஆட ஆரம்பித்தார்கள். கூட்டாளி அவர்களோடு போய்ச் சேர்ந்தவன் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தான். முழங்கால்வரை சேறு.

அந்த மழையில்தான் சாப்பே கேட்டோம். மேடையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். மடியில் சிறிய படகு போல ஒரு கருவி.

சாப்பே, ஓராங் உலு என்று சேர்த்துச் சொல்லப்படும் மேலாற்று மக்களின் கருவி. கென்யா, காயான் நீள்வீடுகளில் பிறந்தது. ஒரே மரத்துண்டைப் பின்பக்கமாகக் குடைந்து செய்கிறார்கள். ஒரு தந்தியில் பாட்டு ஓடும், மற்றவை அடியில் ஒரே சுருதியில் நிற்கும். விரல் வைக்கும் கட்டைகளைத் தேன்மெழுகால் ஒட்டியிருப்பார்கள், பாட்டுக்கு ஏற்றபடி நகர்த்திக்கொள்ளலாம். அது பிறந்த கதையாக ஒன்றைச் சொல்கிறார்கள். ஒருவனுடைய மனைவி நோயில் கிடந்தாள். எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. கனவில் வந்த குரல் சொன்னபடி அவன் மரத்தைக் குடைந்து தந்தி கட்டி வாசித்தான். அவள் எழுந்தாள். அதனால் அது முதலில் நோய் தீர்க்கும் கருவி. பெண்கள் அதைத் தொடக்கூடாது என்ற கட்டும் இருந்தது.

இன்று சாப்பே என்றால் பலருக்கும் நினைவு வரும் பெயர்களில் ஒன்று அலெனா முராங். கெலாபிட் வழிவந்த பெண். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் மேத்யூ ஙாவ் ஜாவ். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் 1996இல் மறைந்த கென்யா கலைஞர் டுசாவ் பாடான். மூன்று தலைமுறை, மூன்று பெயர். ஒருவர் சொல்லித்தராமல் விட்டிருந்தால் அந்த மழையில் நாங்கள் கேட்டது என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

தம்பி அந்தப் பாட்டு முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும், "நோய் தீக்கற கருவின்னு சொன்னா மேடையில ஏத்தி வைக்கறாங்க. பொணத்துக்கு முன்னாடி அடிக்கறதுன்னு சொன்னா?" என்றான். அக்கா குடையை அவன் பக்கம் சாய்த்துப் பிடித்தார். நான்கு பேரும் ஏற்கெனவே முழுக்க நனைந்திருந்தோம்.

*

இந்த விழாவுக்குப் பலமுறை போனவர்கள் இரவு நிகழ்ச்சியைவிட மத்தியானத்தைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். மத்தியானத்தில் பட்டறைகள் நடக்கும். வெவ்வேறு நாட்டிலிருந்து வந்த கலைஞர்களை ஒரே இடத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். ஒரு நாள் தந்திக்கருவிக்காரர்கள், இன்னொரு நாள் குழல்காரர்கள், தோல்கருவிக்காரர்கள். ஒருவருக்கு ஒருவர் முன்பின் தெரியாது. பொது மொழியும் சரியாக இருக்காது. முதலில் ஆளுக்கு ஒருமுறை தன் கருவியைக் காட்டிப் பேசுவார்கள். கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஏதாவது வாசித்தே ஆக வேண்டும். ஒத்திகை கிடையாது.

இரண்டாம் நாள் தோல்கருவிப் பட்டறை இபான் நீள்வீட்டில் நடந்தது. நீள்வீட்டில் எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவாக ஒரு நீண்ட தாழ்வாரம் இருக்கும், ருவாய் என்பார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு அங்கே பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். ஐந்தாறு கலைஞர்கள் எங்களுக்கு எதிரில் அதே பாயில்.

நான்காவதாகப் பேசிய மனிதர் கையில் ஒரு சிறிய உலோக உருளை இருந்தது. ஒரு முகத்தில் மட்டும் தோல். பிரேசில் நாட்டுக் கருவி, குயீக்கா என்று பெயர். தோலின் நடுவிலிருந்து உள்பக்கமாக ஒரு மெல்லிய குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. ஈரத்துணியைக் கையில் பிடித்து, உருளைக்குள் கையை விட்டு அந்தக் குச்சியைத் தேய்த்தார். தோல் முனகியது. இன்னொரு கையின் விரலால் வெளியே தோலை அழுத்தினார். முனகல் மேலே போய்க் கீழே இறங்கியது. ஆட்கள் சிரித்தார்கள், ஏதோ விலங்கு சத்தம் போடுவதுபோல் இருந்ததால்.

தம்பி என் தொடையில் அடித்தான். "டேய், இது உறுமி டா!"

அவன் சொன்னது சரி. உலகத்தில் பெரும்பாலான தோல்கருவிகள் அடிபடுபவை. தேய்த்து ஒலி எழுப்பும் தோல்கருவிகள் குறைவு. உறுமியில் இரண்டு முகம். வலது பக்கத்தைக் குச்சியால் அடிப்பார்கள். இடது பக்கத்தை வளைந்த குச்சியால் இழுத்துத் தேய்ப்பார்கள். அந்த இழுப்பில் வரும் உறுமல்தான் அதற்குப் பெயர். சின்ன வயதில் தைப்பூசத்தில் கேட்டு வயிற்றுக்குள் ஏதோ புரண்டதே, அந்தச் சத்தம்.

பட்டறை முடிந்ததும் தம்பி எழுந்து அவரிடம் போனான். மலாயும் ஆங்கிலமும் கலந்து என்னவோ சொன்னான். புரியவில்லை என்று தெரிந்ததும் பக்கத்தில் வேறொரு குழுவினர் வைத்திருந்த இருமுக மேளத்தைக் காட்டி, தொடலாமா என்று கேட்டான். கொடுத்தார்கள். வளைகுச்சி இல்லை. விரலை நாக்கில் நனைத்து, தோலின்மேல் அழுத்தி இழுத்தான். முதல் இழுப்பில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதில் முனகியது. மூன்றாவதில் வலது கையும் சேர்ந்துகொண்டது. குயீக்காக்காரர் கையில் இருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு மூன்று கேள்வி கேட்டார். இதன் பெயர் என்ன? இப்போது அடித்த தாளத்தின் பெயர் என்ன? இதை எப்போது அடிப்பீர்கள்?

"ஃபார் காட்," என்றான் தம்பி. கொஞ்சம் நிறுத்தி, "அண்ட் ஃபார் டெட் பீப்பிள்" என்றான்.

அந்த மனிதர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல் முகம் மாறவில்லை. பாவம் என்றும் பார்க்கவில்லை. சாமிக்கும் செத்தவர்களுக்கும் அடிக்காமல் வேறு யாருக்கு அடிப்பார்கள் என்பதுபோல் இருந்தது அந்தத் தலையசைப்பு.

அக்கா தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

*

அன்று இரவு துவாக் குடித்துக்கொண்டே இதை ஒரு பெரிய வெற்றியாகப் பேசியவன் கூட்டாளி. "அடுத்த வருஷம் ஒங்க குழுவயே இங்க கொண்டாந்துருவோம் லா. உலக இசை!" என்றான். தம்பிக்கு அதில் உற்சாகம் வரவில்லை. "இங்க கைதட்டறவனே நம்ம ஊருல பக்கத்து வூட்டுக்காரனா இருந்தா போலீசுக்கு போன் போடுவான்" என்றான்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இக்கட்டுரையை எழுத நினைத்தேன்.

உலக இசை என்ற பெயரே ஒரு வியாபார ஏற்பாடு. 1987இல் லண்டனில் ஒரு மதுக்கூடத்தின் மாடியில் சின்னச் சின்ன இசைத்தட்டு நிறுவனங்கள் கூடி, ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என்று எங்கெங்கோ இருந்து வரும் இசைத்தட்டுகளைக் கடையில் எந்த அடுக்கில் வைப்பது என்று பேசி முடிவு செய்த பெயர் அது. ஓர் அடுக்குக்குத் தேவைப்பட்ட பெயர் விழாவுக்குப் பெயராகி, பிறகு சுற்றுலாவுக்கும் பெயராகிவிட்டது. அந்த அடுக்கில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் எந்த இசையும் அடுக்கில் பிறப்பதில்லை. அதற்கு ஒரு முற்றமோ தாழ்வாரமோ காடோ இருந்திருக்கும்.

விழா தொடங்கிய 1998ஐ ஒட்டித்தான் சரவாக்கில் இன்னொன்றும் நடந்தது. பாக்குன் அணைக்காக பாலுய் ஆற்றங்கரையிலிருந்து ஏறக்குறைய 10,000 பேரை எழுப்பி, சுங்கை ஆசாப் என்ற இடத்தில் குடியமர்த்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் காயான், கென்யா மக்கள். சாப்பேயின் சொந்தக்காரர்கள். ஒரு பக்கம் கடலோரத்தில் அவர்கள் கருவிக்கு மேடை போட்டுக்கொண்டிருக்கும்போது, இன்னொரு பக்கம் அந்தக் கருவி ஒலித்த நீள்வீடுகள் காலியாகிக்கொண்டிருந்தன. விழாவை நடத்தியவர்கள்மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. இரண்டும் ஒரே மாநிலத்தில் ஒரே காலத்தில் நடந்தன என்பதை மனதில் வைத்துக்கொண்டு சாப்பே கேட்டால் அது வேறு மாதிரி கேட்கிறது.

நமக்கும் அப்படி ஒரு கதை இருக்கிறது. தம்பியின் தாத்தா பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தோட்டத்தில் தப்பு அடித்தவர். அங்கே ஒருவர் இறந்துவிட்டால் ஆள் விட்டுச் சொல்ல வேண்டியதில்லையாம். பால் மரங்களுக்குள் வேலையில் இருக்கிறவர்கள் சத்தத்தைக் கேட்டுக் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு வருவார்களாம். அடிக்கிற அடியில் என்ன செய்தி என்று எல்லாருக்கும் தெரியும். தோட்டத்தை விற்றார்கள். லயத்தில் இருந்தவர்கள் மலிவுவிலை அடுக்குமாடிக்குப் போனார்கள். மேளமும் கூடவே போனது. பதினான்கு மாடிக் கட்டடத்தின் கீழ் வாகன நிறுத்துமிடத்தில் கூடாரம் போட்டு, இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவன் மேலே தூங்கும்போது அதே அடியை அடித்தால் அது எப்படிக் கேட்கும்? அடி மாறவில்லை. கேட்கிறவனும் கெட்டவன் இல்லை. அது விழுந்துகொண்டிருந்த நிலம் காலுக்கடியில் இல்லை. அதனால் அது சத்தமாகிவிட்டது. சத்தமென்றால் புகார் வரும், புகார் வந்தால் போலீஸ் வரும். பிறகு "உறுமிக்காரப் பசங்கன்னாலே ரௌடிங்க" என்ற பேச்சு வரும்.

கூட்டாளி வேலை செய்யும் ஊரில் இது சட்டமாகவே வந்தது. சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளை வாசிக்க 1973இல் தடை விதித்தார்கள். 2016இல்தான் ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. மூன்று இடம் என்பதைக் கவனியுங்கள். பேச்சு மேளத்தில் தொடங்கினாலும் கடைசியில் எங்கே அடிப்பது என்பதில்தான் வந்து நிற்கிறது.

சந்துபோங்கில் நாங்கள் பார்த்தது அப்படிக் கொடுக்கப்பட்ட ஓர் இடம். வேலி போட்டு, டிக்கெட் வாங்கி, மூன்று நாளைக்கு எந்தச் சத்தமும் புகாராகாது என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட இடம். வந்தவர்கள் கேட்பதற்காகவே வந்தவர்கள். மீதி 362 நாளைக்கு தம்பி எங்கே போவான்?

*

மூன்றாம் நாள் சாயங்காலம் வட்ட மேளம் நடந்தது. டிரம் சர்க்கிள் என்று போட்டிருந்தார்கள். புல்வெளியில் ஜெம்பேக்களையும் பிளாஸ்டிக் வாளிகளையும் வட்டமாக வைத்துவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து அடிக்கலாம். நடுவில் ஒருவர் நின்று கையசைவில் நடத்துகிறார். கூட்டாளிக்கு வாளி கிடைத்தது, எனக்கும் வாளிதான். தம்பி ஒரு ஜெம்பேயைப் பிடித்துக்கொண்டான். அக்கா உட்கார மாட்டேன் என்று கைப்பைகளோடு வெளியே நின்றார்.

கொஞ்ச நேரத்தில் நடுவில் இருந்தவர் தம்பியைக் கண்டுபிடித்துவிட்டார். தாளம் தெரிந்தவன் கை கூட்டத்தில் ஒளியாது. அவனை நோக்கிக் கைகாட்டி, மற்றவர்களை நிறுத்தினார். தம்பி நான்கு சுற்று அடித்தான். மறுபடி அதே நான்கு. பிறகு எல்லாரும் சேர்ந்துகொண்டோம். முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள், தாத்தாவும் பேரனும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கிள்ளானில் ஒரு குறுக்குச் சந்துக் கோயிலின் சாமி அடியைச் சந்துபோங் மலைக்குக் கீழே அடித்தார்கள். அவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. எங்களுக்குத் தெரியும். நான் அக்காவைப் பார்த்தேன். பைகளைப் புல்லில் வைத்துவிட்டிருந்தார். அவர் காலும் லேசாகப் போட்டுக்கொண்டிருந்தது.

இரவு ஒரு மணிக்குமேல் கூச்சிங் திரும்பும் பேருந்தில் கூட்டாளி குறட்டை விட்டான். நானும் பாதித் தூக்கத்தில்தான் இருந்தேன். எனக்கு முன்வரிசையில் அக்கா கேட்டது காதில் விழுந்தது.

"தம்பி, சாயங்காலம் அடிச்சியே, அது என்ன அடிடா?"

"சாமி அடிக்கா."

"அதுல எத்தன வக இருக்கு?"

அவன் சொல்ல ஆரம்பித்தான். சித்தப்பா சொல்லிக்கொடுத்தது, வேறு குழுவிடமிருந்து பிடித்துக்கொண்டது, பெயரே இல்லாமல் 'அந்த மாரி' என்று மட்டும் குழுவுக்குள் சொல்லிக்கொள்வது. சிலதை முன்சீட்டின் முதுகில் விரலால் தட்டிக் காட்டினான். அக்கா கைபேசி வெளிச்சத்தில் குறிப்பேட்டை எடுத்து எழுதினார். "இவ்ளோ வருஷம் நீ அடிக்கற, நான் வூட்டுல சாமான் கட்டும்போது கேக்கறதோட சரி. ஒரு நாளும் பேரு கேட்டதில்ல" என்றார். தம்பி பதில் சொல்லவில்லை. அடுத்த அடியின் பெயரைச் சொன்னான்.

*

கல்யாணம் சொன்ன தேதியில் நல்லபடியாக நடந்தது. மண்டபத்தில் நாதஸ்வரம்தான், உறுமி இல்லை.

ஆனால் அதற்கு முன்பே அக்கா தன் பள்ளியில் பேசி ஓர் ஏற்பாடு செய்திருந்தார். சனிக்கிழமை புறப்பாட நடவடிக்கையில் ஒரு மணி நேரம் மேளம். இடம், பள்ளித் திடலின் மூலை, சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால். பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. பதினாறு பிள்ளைகள் சேர்ந்தார்கள். அதில் ஆறு பேர் பெண் பிள்ளைகள். பெற்றோர் இருவர் மட்டும் பிள்ளையை நிறுத்திவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை.

தம்பியின் மனைவி ஒரு சனிக்கிழமை வந்து சிற்றுண்டிச்சாலைப் பெஞ்சில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்துவிட்டுப் போனாள். இப்போது, "சனிக்கெழம போய்ட்டு வாங்க, சாப்பாட்டுக்கு வந்துருங்க" என்கிறாள். எழவு வீட்டுக்குப் போவது பற்றிய பேச்சு மட்டும் அப்படியே நிற்கிறது. மாமாவும் பேசவில்லை, இவனும் கேட்கவில்லை. குழுவில் அவனுடைய இடத்தில் சித்தப்பா மகன் அடிக்கிறான்.

அக்காவின் குறிப்பேட்டில் உள்ள அடிகளை ஒவ்வொன்றாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்துகொண்டிருக்கிறார்கள். சாவு அடிக்கு மட்டும் இன்னும் முறை வரவில்லை. அதைப் பள்ளிக்கூடத்தில் அடிக்கலாமா என்று ஆசிரியர் அறையில் இரண்டு கருத்து இருக்கிறது. "அத விட்டுட்டு மத்ததெல்லாம் சொல்லித் தந்தா, பாட்டன விட்டுட்டுப் பேரனுக்கு மட்டும் சோறு போட்ட மாரி" என்கிறான் தம்பி. அதிலிருந்துதான் மற்ற அடிகள் பிரிந்து வந்தன என்பது அவனுடைய கட்சி. அடுத்த மாதம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் இருக்கிறது. அங்கே எழுந்து கேட்கப் போவதாக அக்கா சொல்கிறார். குறிப்பேட்டையும் கொண்டுபோகிறாராம்.